பெயர் நெய்த பாய்: ஒரு கைபேசி எண்ணைப் பகிர்ந்ததால் நடந்தவை

இதில் வருகிறவர்கள் யாருக்கும் பெயர் சொல்லவில்லை. ஊர் பத்தமடை என்பதை மறைத்து எழுத முடியாது, ஏனென்றால் இதில் வருகிற நயமான கோரைப் பாய் வேறு ஊரில் கிடையாது. தெருவையும் வீட்டு அடையாளத்தையும் விட்டுவிட்டேன். அங்கே பாய் நெய்கிற ஒரு அக்காவின் எண்ணை, அவரிடம் கேட்காமல் பகிர்ந்தவன் நான்தான். பயணக் கட்டுரை எழுதுகிற மற்றவர்களுக்குப் பயன்படும் என்று நினைத்து, நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

பின்னணி

நெல்லைச் சீமையில் பயணம் பற்றி எழுதுகிறவர்கள் முப்பது பேருக்கு மேல் ஒரு வட்டமாக இருக்கிறோம். சிலர் இதழ்களுக்கு எழுதுகிறார்கள், சிலர் காணொளி எடுக்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை பாளையங்கோட்டையில் கூடுவோம். மற்ற நாட்களில் வாட்ஸ்அப்பில் பேசிக்கொள்வோம். சென்னை, மதுரை, நாகர்கோவிலில் இருந்தும் ஆட்கள் உண்டு.

இந்த வட்டத்தால் எங்களுக்கு நிஜமான பயன் இருந்தது. பாபநாசம் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் பார்ப்பார்கள், முண்டந்துறைப் பக்கம் போக நேரம் பார்த்துக் கிளம்ப வேண்டும் என்பது புதிதாக வருகிறவருக்குத் தெரியாது. திருப்புடைமருதூர்க் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் ஓவியங்களும் மரச் சிற்பங்களும் இருக்கின்றன. மேலே ஏற அனுமதி கேட்க வேண்டும், உள்ளே இருட்டு, நல்ல டார்ச் வேண்டும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமான பிறகும் குற்றாலத்தைத் திருநெல்வேலி மாவட்டம் என்று எழுதியவர்களை இங்கேதான் திருத்தினோம். ஆதிச்சநல்லூர் தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கிறது என்பதையும் அப்படித்தான் பல தடவை சொல்லியிருக்கிறோம்.

தொழில் விஷயமும் பேசுவோம். எந்த இதழ் எத்தனை மாதம் கழித்துப் பணம் தருகிறது என்பதை ஒருவருக்கொருவர் ஒளிக்காமல் சொல்லிவிடுவோம். 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவை ஒரு தோழர் ஒரு கூட்டத்தில் வாசித்துக் காட்டினார். எழுதிக் கையெழுத்துப் போடாமல் உரிமை கைமாறாது. கைமாற்றிய தாளில் காலம் குறிப்பிடவில்லையென்றால் ஐந்து ஆண்டுதான் கணக்கு. இன்னொருவர், தாமிரபரணிக் கரை ஊர்களைப் பற்றித் தான் எப்போதோ எழுதிய தொடரை நூலாக்கத் துணிந்தது அதைக் கேட்ட பிறகுதான்.

இப்படிக் கொடுத்து வாங்கும் பழக்கத்தில் ஒன்று மட்டும் யார் மனசிலும் உறைக்காமல் இருந்தது. நாங்கள் பகிர்ந்துகொண்டவற்றில் பாதி எங்கள் சொத்தே இல்லை. அது மனிதர்களின் வீட்டு வாசல்.

நெசவுக்காரர்

அந்த அக்காவை எனக்கு ஒன்பது வருஷமாகத் தெரியும். திருநெல்வேலியில் இருந்து அம்பாசமுத்திரம் போகிற பாதையில், சேர்மாதேவிக்கு முன்னால் வருகிற ஊர் பத்தமடை. அங்கே நயமான பாய் நெய்யத் தெரிந்தவர்கள் இன்று அதிகம் இல்லை. பெரும்பாலும் முஸ்லிம் குடும்பத்துப் பெண்கள். அக்கா தன் மாமியாரிடம் கற்றுக்கொண்டவர்.

வேலை எப்படி நடக்கும் என்று தெரியாவிட்டால் பின்னால் நேர்ந்தது புரியாது. கோரையை அறுத்து, காயவைத்து, ஓடும் தண்ணீரில் சில நாள் ஊறப்போட்டு, மறுபடி காயவைத்து, தலைமுடி போல வகிர்ந்து எடுப்பார்கள். பாவுக்கு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் இழைக்கு, பருத்தி நூல் அல்லது பட்டு நூல். சாதாரணப் பாய்க்குப் பாவு இழை குறைவு. நயம் பாய்க்கு அது நூறைத் தாண்டும், 140 வரை போவதுண்டு. அந்தப் பாய் துணி போல மடங்கும். கோரை இழையை ஈரப்படுத்தி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் போட்டு நெருக்க வேண்டும். நல்ல பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் ஆகும். கல்யாணப் பாய் என்றால் மாப்பிள்ளை பெண் பெயரும் தேதியும் பாயிலேயே நெய்வார்கள்.

எண் கைமாறியது

ஆனி மாதக் கடைசி. குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது. வெளியூர் எழுத்தாளர்கள் வருகிற காலம். சென்னையில் இருந்து ஒருவர் கேட்டார்: குற்றாலத்தை எல்லாரும் எழுதிவிட்டார்கள், வேறு எங்கே போகலாம், யாரைப் பார்க்கலாம்?

நான் ஒரு பட்டியல் போட்டேன். சேர்மாதேவியில் ஒரு ஆட்டோக்காரர், அம்பாசமுத்திரத்தில் தங்க ஒரு இடம், பத்தமடையில் இந்த அக்கா. மூன்றுக்கும் கைபேசி எண். அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் எழுதியது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது: “காலையில் போங்க. தறியைப் பார்க்கலாம். நல்லாப் பேசுவாங்க. டீ குடிக்காம அனுப்ப மாட்டாங்க.”

பாராட்டாகத்தான் எழுதினேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

கவனித்தவை

நான்கு வாரம் எனக்கு எதுவும் தெரியாது. நல்ல கட்டுரைகள் இரண்டு வந்தன, படித்துச் சந்தோஷப்பட்டேன். கோளாற்றை முதலில் பார்த்தவர் வட்டத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு இளம் பெண். ஒருநாள் சாயந்திரம் போன் செய்தார்.

“அண்ணாச்சி, தப்பா நினைக்காதீங்க. இன்னைக்கு அந்த அம்மா வீட்டுக்குப் போனேன். எனக்கு முன்னாலயே ரெண்டு பேர் கேமராவோட உக்காந்திருந்தாங்க. டீக்குப் பால் இல்லாம பக்கத்து வீட்டுல வாங்கிட்டு வந்தாங்க. பேசிக்கிட்டே இருக்காங்க, ஆனா கண்ணு தறியிலதான் இருக்கு. நான் ஒண்ணும் கேக்காம வந்துட்டேன்.”

மறுநாள் பஸ் பிடித்துப் போனேன். அக்கா வழக்கம்போல “வாங்க தம்பி” என்றார். அவராகக் குறை எதுவும் சொல்லவில்லை. அவருடைய மகள்தான் தினக் காலண்டர் தாள்களை எடுத்து வந்து காட்டினார். ஆட்கள் வந்த நாளில் எல்லாம் பென்சிலால் ஒரு கோடு. எண்ணினேன், பதினாறு. அதில் பலவற்றில் ஒருவருக்கு மேல் வந்திருக்கிறார்கள்.

எல்லாரும் ஏறக்குறைய அதே கேள்விகளைக் கேட்டிருக்கிறார்கள். இங்கிலாந்து ராணிக்கு இந்த ஊரில் இருந்து பாய் போனதாகச் சொல்லும் கதையைக் கேமரா முன்னால் சொல்லச் சொல்லி, சரியாக வரவில்லை என்று மறுபடி சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். வெளிச்சத்துக்காகத் தறியின் பக்கம் இருந்த சாமான்களை நகர்த்தியிருக்கிறார்கள்.

“ஒருத்தரும் ஒண்ணும் வாங்கலையா அக்கா?”

“ரெண்டு பேரு வெல கேட்டாங்க. ஆன்லைன்ல இத விடக் கொறைச்சலா இருக்குன்னாங்க. அது பரவால்ல தம்பி, வாங்கணும்னு சட்டமா? எந்திரிச்சு எந்திரிச்சு வாரதுலதான், நனைச்சு வச்ச கோர காஞ்சு போவுது. காஞ்சா ஓரத்துல முறிஞ்சிரும்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

“நீங்க அனுப்புன ஆளுவன்னு சொல்லுதாங்க. ஒங்க மொகத்துக்காவ எப்படி வேண்டாம்னு சொல்லுவேன்?”

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்த ஆய்வை எழுதுகிறேன். நான் கொடுத்தது எண் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். அதோடு என் பெயரும் போயிருக்கிறது. முன்பின் தெரியாத ஆளாக இருந்திருந்தால் “வேலை கிடக்கு, இன்னொரு நாள் வாங்க” என்று அவர் சொல்லியிருப்பார். என் பெயர் அவர் வாயை அடைத்துவிட்டது.

தறியில் இருந்தது ஒரு கல்யாணப் பாய். வைகாசியில் முன்பணம் வாங்கியது, ஆவணி முதல் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டியது. பெயர்களை நெய்தாகிவிட்டது. பாய் பாதியைத் தாண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகள்

முதல் முடிவு, வருகையை உடனே நிறுத்துவது. குழுவில் இருந்த செய்தியை அழித்துப் பயனில்லை, எண் பலருடைய கைபேசியில் ஏறிவிட்டது. பொதுவாக ஒரு அறிவிப்புப் போட்டால் “நான் பார்க்கலையே” என்று சொல்ல இடம் இருக்கும். அதனால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினேன். இரண்டு நாள் ஆனது. பெரும்பாலானவர்கள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார்கள். தாங்கள் ஒருவர் போனதுதான் அவர்களுக்குத் தெரியும். பதினாறு தடவை என்பது யாருக்கும் தெரியாது. வட்டம் பெரிதாகும்போது இப்படித்தான் ஆகிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொருவரும் மரியாதையாக ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வந்திருக்கலாம். கூட்டிப் பார்த்தால் அந்த வீட்டின் ஒரு மாத உழைப்பு.

ஒருவர் மட்டும் உடன்படவில்லை. அவர் தன் காணொளியின் கீழே அக்காவின் எண்ணைப் போட்டிருந்தார். எடுக்கச் சொன்னதற்கு, “நான் காசு வாங்காம விளம்பரம் பண்ணியிருக்கேன் அண்ணாச்சி. நூத்துக்கணக்குல பேர் பாக்குறாங்க. அவங்களுக்கு நல்லதுதானே?” என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எங்களில் பலர் மனசில் இருக்கும் வாதம் இது, ஒதுக்கிவிட முடியாது. அதே பட்டியலில் இருந்த சேர்மாதேவி ஆட்டோக்காரரிடம் விசாரித்தேன். அந்த ஆடியில் அவருக்கு நல்ல ஓட்டம், இன்னும் நாலு பேரிடம் எண்ணைச் சொல்லுங்கள் என்றார். அம்பாசமுத்திரம் விடுதிக்காரருக்கும் அப்படியே. அவர்களுக்கு ஆள் வந்தால் பிழைப்பு. அக்காவுக்கு ஆள் பஞ்சம் கிடையாது, நேரம்தான் பஞ்சம். நயம் பாய்க்கு ஏற்கெனவே முன்பணம் கொடுத்துக் காத்திருக்கிறார்கள். ஆயிரம் பேர் கூப்பிட்டாலும் அவருக்கு இருப்பது இரண்டு கை. காணொளி பார்த்துக் கூப்பிட்டவர்கள் முக்கால்வாசிப் பேர் நூறு ரூபாய், இருநூறு ரூபாய்ப் பாய் கிடைக்குமா என்று கேட்டவர்கள். ஒவ்வொரு அழைப்புக்கும் கையைத் துடைத்துவிட்டு எழுந்திருக்க வேண்டும்.

இதைக் காணொளி எடுத்தவரிடம் விளக்கினேன். கோபமாகத்தான் போனை வைத்தார், ஆனால் மறுநாள் எண்ணை எடுத்துவிட்டார். அதற்குள் அக்கா அந்தக் கைபேசி அட்டையையே மாற்றிவிட்டார்.

காசு கொடுப்பது பற்றிய விவாதம்

ஆடி கடைசியில் கூடிய கூட்டத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பேசியது இதைப் பற்றித்தான்.

பேட்டிக்குப் பணம் கொடுக்கக் கூடாது என்பது பத்திரிகைத் தொழிலில் பழைய நெறி. பணம் கொடுத்தால் சொல்வதும் விலைக்கு வந்துவிடும். எங்களில் செய்தித்தாளில் வேலை பார்த்த இருவர் இதில் உறுதியாக இருந்தார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆற்றில் மணல் அள்ளுவது பற்றி ஒருவரிடம் விசாரிக்கப் போகும்போது கையில் பணத்தைத் திணித்தால் அந்தக் கட்டுரை அன்றைக்கே செத்துவிடும்.

ஆனால் தறியை நிறுத்திவிட்டு நெசவைச் செய்து காட்டுவது சாட்சி சொல்வது போல இல்லை. அது வேலை. அரை நாள் கூலி போகிறது. இதைச் சொன்னது முதலில் போன் செய்த அந்தப் பெண்தான். இன்னொன்றையும் சொன்னார். நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. இலவசமாகத் தங்கிவிட்டு அந்த விடுதியைப் பரிந்துரைத்தால், இலவசம் என்பதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது அதில் உண்டு. விடுதியில் இருந்து நாம் வாங்குவதைப் பற்றி இத்தனை கூட்டம் போட்டுப் பேசுகிறோம், வீடுகளில் இருந்து வாங்குவதைப் பற்றி ஒரு தடவை கூடப் பேசியதில்லை என்றார். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

முடிவு இப்படி வந்தது. தகராறு, புகார், செய்தி தொடர்பான பேச்சுக்குப் பணம் கிடையாது. கைத்தொழிலைச் செய்து காட்டச் சொன்னால், அந்த நேரத்துக்கு அவர்கள் சொல்லும் தொகையைக் கொடுத்துவிட வேண்டும், கொடுத்ததைக் கட்டுரையில் ஒரு வரி எழுத வேண்டும். இருவர் இன்றும் இதை ஏற்கவில்லை. அவர்கள் செய்து காட்டச் சொல்வதில்லை, நடக்கிற வேலையைத் தள்ளி இருந்து பார்த்து எழுதுகிறார்கள். அதுவும் சரியான வழிதான்.

எண் விஷயத்தில் விவாதமே வரவில்லை. ஒருவருடைய எண்ணைக் கொடுக்கும் முன் அவரிடம் கேட்க வேண்டும். அறிமுகம் செய்கிறவர் தானே முதலில் பேசி, நாளும் நேரமும் வாங்கித் தர வேண்டும். போன ஆள் எப்படி நடந்துகொண்டார் என்று பிறகு விசாரிப்பதும் அறிமுகம் செய்தவர் பொறுப்பு.

கட்டுரையின் கடைசியில் வருகிற பெட்டிச் செய்தி பற்றியும் பேசினோம். எப்படிப் போகலாம், எங்கே சாப்பிடலாம், தொடர்புக்கு யார் என்று ஆசிரியர்கள் கேட்பார்கள். ஊர், பஸ், கடை விவரம் போடலாம். வீட்டில் இருந்து வேலை செய்கிறவரின் எண்ணைப் போடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அந்தப் பெண்ணின் கட்டுரைக்கு ஒரு இதழில் எண் கேட்டார்கள். தர முடியாது என்று சொல்லிப் பார்த்தார். கடைசியில் எண் இல்லாமலே வெளியிட்டார்கள்.

பாய்க்கு என்ன ஆனது

கல்யாணத்தன்று பாய் முடியவில்லை. ஒரு முழம் பாக்கி. கல்யாண வீட்டார் கடையில் வேறு பாய் வாங்கிக்கொண்டார்கள், முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். அக்கா பேச்சு எதுவும் இல்லாமல் கொடுத்துவிட்டார்.

சாதாரணப் பாய் என்றால் வேறு ஆளுக்கு விற்றுவிடலாம். இரண்டு பேருடைய பெயரும் தேதியும் நெய்த பாயை யாருக்கு விற்பது? முடித்து, சுருட்டி, பழைய சேலையில் சுற்றிப் பரண் மேல் வைத்திருந்தார். நாங்கள் வட்டத்தில் பணம் திரட்டி அதன் விலையைக் கொடுக்க நினைத்தோம். வாங்க மாட்டேன் என்றுவிட்டார். “செஞ்ச பாய்க்கு வாங்குனவங்ககிட்ட காசு வாங்கலாம். ஒங்ககிட்ட எதுக்கு?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பிறகு அவரிடம் அனுமதி கேட்டு, அந்தக் கல்யாண வீட்டுக்கு நான் போனேன். தாமதம் நெசவுக்காரரால் வந்ததில்லை, எங்களால் வந்தது என்று உட்கார்ந்து சொன்னேன். பெண்ணின் அப்பா முதலில் கடுமையாகப் பேசினார். அவர் கோபம் நியாயம்தான், மகள் கல்யாணத்துக்கு ஆசைப்பட்டுச் சொன்ன பாய் அது. உள்ளே இருந்து பெண்ணின் பாட்டி, “பேரு போட்ட பாயி, அடுத்தவ வீட்டுப் பரண்ல கெடக்கலாமா?” என்றார். தலைதீபாவளிக்கு மகளும் மருமகனும் வருவதற்குள் வாங்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். வாங்கியும் கொண்டார்கள், பேசிய விலையில் கொஞ்சம் குறைத்து.

குறைந்த அந்தத் தொகையை அக்கா எங்களிடம் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வந்த எழுத்தாளர்கள் கொடுத்த நேரக் கூலியில் ஒரு பகுதி ஈடாகியிருக்கும். முழுதும் ஈடாகவில்லை.

இப்போது நடப்பது

பத்தமடையில் பாய் விற்கும் கடை ஒன்று அக்காவின் உறவினர் நடத்துவது. பார்க்க விரும்புகிற எழுத்தாளர் அங்கே சொல்லிவைக்க வேண்டும். ஒரு பாயை அறுத்து எடுத்த பிறகு, அடுத்த பாவு ஏற்றுவதற்கு முன் இருக்கும் ஓரிரு நாளில் மட்டும் அக்கா வரச் சொல்வார். மாதத்தில் ஒரு ஆள் அல்லது இரண்டு ஆள். தொகையை மகள் சொல்வார். டீ இப்போதும் உண்டு.

எண்ணிக்கை குறைந்ததில் கட்டுரைகளும் மாறியிருக்கின்றன. முன்பு வந்தவை எல்லாம் ராணி கதையும் தறிப் படமுமாக ஒரே அச்சில் இருந்தன. இப்போது கோரை வருகிற கால்வாய்க் கரை, சாயம் காய்ச்சும் வீடு, பாய் ஓரம் கட்டுகிறவர்கள், விற்கிற கடைக்காரர் என்று ஆளுக்கு ஒரு பக்கம் தேடிப் போகிறார்கள். புவிசார் குறியீடு கிடைத்த பாய்க்கும் ஆலையில் செய்த பாய்க்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது எப்படி என்று ஒருவர் கடைக்காரரோடு உட்கார்ந்து எழுதிய கட்டுரை, நான் எழுதிய எதைவிடவும் அந்த ஊருக்குப் பயன்பட்டது.

காணொளி எடுத்தவர் வட்டத்தை விட்டு விலகிவிட்டார். அவரோடு போனில் பேசியதற்குப் பதிலாக நேரில் பத்தமடைக்குக் கூட்டிப் போயிருக்க வேண்டும். காலண்டர் கோடுகளைப் பார்த்திருந்தால் அவரும் புரிந்துகொண்டிருப்பார்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஆட்டோ எண்ணையும் அக்கா எண்ணையும் ஒரே பட்டியலில் போட்டதுதான் என் அடிப்படைப் பிழை. அழைப்பால் பிழைக்கிறவர், அழைப்பால் வேலை கெடுகிறவர் என்று பிரித்துப் பார்த்திருந்தால் அப்போதே கை தயங்கியிருக்கும். “டீ குடிக்காம அனுப்ப மாட்டாங்க” என்று எழுதியது அதைவிட மோசம். ஒரு வீட்டின் உபசரிப்பை, அங்கே கிடைக்கும் வசதி போல ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டேன்.

இன்னொன்று, நான்கு வாரம் நான் விசாரிக்கவே இல்லை. ஒரு போன் போட்டு “யாராவது வந்தாங்களா அக்கா?” என்று முதல் வாரமே கேட்டிருந்தால் பாய் முகூர்த்தத்துக்கு முடிந்திருக்கும்.

எங்கள் பட்டியலில் இப்போது ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே, யார் கேட்டு வாங்கியது, எந்தத் தேதியில் சம்மதம் சொன்னார்கள் என்று குறித்திருக்கிறோம். ஆடிக்கு முன் ஒரு தடவை எல்லாரையும் கூப்பிட்டு, இந்த வருஷமும் இருக்கட்டுமா என்று கேட்கிறோம். போன தடவை மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், எடுத்துவிட்டோம்.

அக்காவின் புது எண் அந்தப் பட்டியலில் இல்லை. என்னிடமும் இல்லை. பார்க்க வேண்டும் என்றால் கடையில் சொல்லிவிட்டு, பதில் வரும்வரை பஸ் ஸ்டாப் பக்கம் நிற்கிறேன். சில நாள் கூப்பிட்டு அனுப்புவார். சில நாள் வேலை இருக்கிறது என்று கடைப் பையன் வந்து சொல்வான், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவேன்.